கெப்சூலைத் திறந்து தூவிய மாதங்கள்

என் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது, ஏழு மாதம் அவளுடைய ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு வெளிர்மஞ்சள் மாவைத் தூவிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் இன்றைக்கும் எரிச்சல் தீரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆரம்ப வகுப்பு டீச்சர். வீட்டுக்காரருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. மகள் பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் கால்மணி நேரம் அவளைப் பார்த்துவிட்டு, ஓட்டிசம் என்று சொன்னார். "என்ன செய்யணும் சேர்?" என்று கேட்டேன். கொழும்பில் தெரபி இருக்கிறது, அடுத்த கிளினிக் ஒன்பது மாதத்தில் என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளின் துண்டு நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்துக்கார டீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய மகனுக்கும் இதே பிரச்சினை. கனடாவில் இருந்த அவருடைய தங்கை இன்டர்நெட்டில் எடுத்த தாள்களையும் கெப்சூல் போத்தல்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் இடைவேளையில் அவர் அந்தத் தாள்களை என் மேசையில் விரித்தார்.

"இஞ்ச பாருங்கோ டீச்சர். வயித்துக்குள்ள ஈஸ்ட் எண்ட பூஞ்சணம் கூடிப்போனா பிள்ளையள் இப்பிடித்தான் இருப்பினமாம். காரணமில்லாமச் சிரிக்கிறது, தங்களுக்குத் தாங்களே அடிக்கிறது, சாப்பாட்டைத் தள்ளுறது. உங்கட மகளும் அப்பிடித்தானே?"

அப்படித்தான். இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு, கன்னத்தில் தானே குத்திக்கொள்வாள். தாளில் என் மகளைப் பற்றியே எழுதியிருந்த மாதிரி இருந்தது. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். அந்த ஈஸ்ட்டுக்குத் தீனி சீனியும் மாவும். என்சைம் கெப்சூல் கொடுத்தால் சாப்பாடு முழுசாகச் செரித்துவிடும், ஈஸ்ட்டுக்கு மிச்சம் இருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. "மூண்டு கிழமை குடுத்துப் பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ" என்று டீச்சர் ஒரு போத்தலை என் கையில் வைத்தார்.

சீனியும் மாவும் இல்லாத சாப்பாட்டை வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில் எங்கே தேடுவது? விடிந்தால் ரொட்டி, பின்னேரம் பேக்கரிப் பாண், எந்நேரமும் சீனி போட்ட தேத்தண்ணி. எல்லாவற்றையும் நிறுத்தினேன். சோறு, கீரை, பருப்பு மட்டும். கெப்சூலைத் திறந்து அதன்மேல் தூவுவேன். அவள் முகர்ந்து பார்த்தே தட்டைத் தள்ளுவாள். பருப்புக்குள் ஒளித்துப் பார்த்தேன், வாழைப்பழத்தில் வைத்துப் பார்த்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள்.

நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த என் நாத்தனார்தான் அவளைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் நான் வந்தபோது மகள் கையில் பிஸ்கட். கத்திவிட்டேன்.

"புள்ள பசியில கெடக்குது அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரு பிஸ்கட் தின்னா செத்தா போயிரும்? அந்தக் கெப்சூல் மாவுதான் அதுக்குப் புடிக்கலயே. தட்டப் பார்த்தாலே அழுவுதுங்க."

"உங்களுக்கு ஒன்னும் தெரியாது. தாளுல எழுதியிருக்கு."

தாளில் இன்னொன்றும் எழுதியிருந்தது. ஈஸ்ட் சாகும்போது பிள்ளை முதலில் மோசமாகும், பயப்படவேண்டாம், மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். அதனால் அவள் ஒருநாள் அமைதியாக இருந்தால் மருந்து கேட்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் கன்னம் சிவக்கக் குத்திக்கொண்டால், அப்போதும் மருந்து கேட்கிறது என்றே நினைத்தேன். எப்படி ஆனாலும் மருந்துக்குத்தான் வெற்றி. ஒரு டீச்சருக்கு இது புரிந்திருக்க வேண்டும். மூன்று கிழமை மூன்று மாதமாகி, பிறகு ஏழு மாதமானது. அவளுடைய சட்டைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. வீட்டுக்காரர் ஒருமுறை, "போதும் விடு" என்றார். ஒரு கிழமை அவரோடு பேசாமல் இருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பல் பரிசோதிக்க ஆட்கள் வந்த நாளில், நாத்தனார் ஹட்டனுக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் மகளை வகுப்புக்குக் கூட்டிப்போனேன். சத்தத்தில் மிரண்டு, தரையில் மல்லாக்க விழுந்து கத்தத் தொடங்கினாள். வந்திருந்த சிங்கள மிஸ் ஒருவர் எழுந்து வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையிலேயே அவள் பக்கத்தில் குந்தி, கத்திக்கொண்டிருந்த வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, பின்னால பல்லு ரெண்டு பக்கமும் கெட்டு," என்றார் அரைகுறைத் தமிழில். "சீழ் இருக்கு. இது சரியான வலி. பிள்ளை சாப்பிடுறதா?"

பல் துலக்க வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் நான் வாய்ப்பக்கமே போவதில்லை. அவள் குத்திக்கொண்டதெல்லாம் கன்னத்தில், அதுவும் தாடைக்கு நேராக. நான் ஏழு மாதமாக அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து நாலு பல் பிடுங்கினார்கள். ஒரு கிழமையில் குத்துவது நின்றது. நாத்தனார் சுட்ட ரொட்டியை முழுசாகத் தின்றாள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. அதெல்லாம் அப்படியேதான்.

மிச்சமிருந்த போத்தலைத் திருப்பிக் கொடுக்க டீச்சரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பொங்கலோடயே நிப்பாட்டிட்டன் டீச்சர். மகனுக்கு ஒரு மாற்றமும் இல்லை."

பொங்கல் போய் ஐந்து மாதமாகியிருந்தது. அதற்குப் பிறகும் எனக்கு இரண்டு போத்தல் தந்திருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கட பிள்ளைக்காவது கேக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் நல்லா இருக்குது எண்டு சொல்லேக்க, எனக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

நல்லா இருக்கிறது என்று நான்தான் சொன்னேன், வாராவாரம். அதனால் அவரை நான் நினைத்த அளவுக்குத் திட்டவும் முடியவில்லை. வாயில் வந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. அடுத்த வருஷம் அவருக்கு ஊருக்கு மாற்றம் கிடைத்தது.

அந்த ஒன்பது மாதக் கிளினிக்கில் டொக்டர் தராசைப் பார்த்து, "ஏன் பிள்ளை இவ்வளவு மெலிஞ்சிருக்கு?" என்று அதட்டினார். ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அவர் இதையெல்லாம் முதல் நாளே கேட்டிருந்தால், வாயைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால், வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

கொட்டகலையில் ஒரு அம்மா பஸ்ஸில் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் கையை உதறுவதைப் பார்த்துவிட்டு, மாத்தளையில் ஒரு வைத்தியர் தலைக்கு எண்ணெய் வைக்கிறாராம், தன்னுடைய சொந்தக்காரப் பிள்ளை ஒன்று பேசத் தொடங்கிவிட்டதாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனாலும் பேனையை எடுத்து நீட்டி, "விலாசத்த எழுதித் தாங்கம்மா" என்றேன்.