பெட்டி பேசக் கூடாது

நான் நாலாம் வகுப்பு முடித்த லீவில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், யார் காலிலும் இல்லாத கொலுசு ஒன்று ஒலித்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதுவோ கூடம் முழுக்க வெயில் விழுந்து கிடக்கிற பகல் வேளையில், அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் விழித்துக்கொண்டு இருக்கும்போதே கேட்டது. ரெங்கா ரெங்கா என்று சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் அண்டாது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். சொல்லிப் பார்த்தேன். கொலுசு நிற்கவில்லை.

அப்பாவுக்கு ஸ்பீக்கர் வைக்கிற பலகைப் பெட்டி அடிக்கிற தொழில். பல வருஷம் மன்னார்புரத்தில் ஒரு கடையில் கூலிக்குச் செய்தவர், முதலாளியோடு ஒரு வார்த்தை கூடிப்போய் வெளியே வந்துவிட்டார். தனியாகப் பிடித்த முதல் ஆர்டர், புத்தூரில் ஒரு காலேஜ் வாத்தியாருக்குச் சப்வூஃபர் பெட்டி. சப்வூஃபர் என்றால் பாட்டின் அடியில் கிடக்கிற கனத்த சத்தத்தை மட்டும் எடுத்துத் தருகிற பெரிய ஸ்பீக்கர். வாத்தியார் ஒரே நிபந்தனைதான் போட்டார். “சத்தம் நெஞ்சுல வந்து விழணும். பெட்டி பேசக் கூடாது.” உள்ளே ஒலி அதிரும்போது பலகையோ ஆணியோ கூடச் சேர்ந்து கறகறக்கக் கூடாது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்பார். பெட்டி பேசினால் வேண்டாம் என்று போய்விடுவார். அப்படி ஆனால் மறுபடி மன்னார்புரத்துக்குப் போய் முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

வியாழக்கிழமை பெட்டியைக் கூடத்தில் வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார். அதற்கென்று ஒரு சி.டி. வைத்திருந்தார். அதில் பாட்டு கிடையாது. நம்பருக்கு ஒரு சுருதியாக வெறும் ஊங்காரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். முதல் சில நம்பர்களில் காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் விலா எலும்பு அதிரும். சாமி விளக்கின் சுடர் தலையை ஆட்டும். அப்பா பெட்டியின் மேல் ஒரு பிடி அரிசியைத் தூவுவார். அரிசி குதிக்கிற இடத்தில் பலகைக்கு வலு போதவில்லை என்று கணக்கு. மூட்டுகளில் காற்று கசிகிறதா என்று பார்க்க, ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டுவார்.

“சாமிக்கு ஏத்துறத எடுத்து அந்தப் பெட்டிக்குக் காட்டுறீங்களே,” என்றாள் அம்மா.

“நமக்குப் படி அளக்கப் போறது இதான். காட்டுனா தப்பில்ல.”

அரிசி அசையவில்லை. புகை நேராகப் போனது. அப்பாவின் முகம் தெளிந்து வருகிற நேரத்தில் ஏழாம் நம்பர் வந்தது. ஊங்காரத்துக்கு மேலே, மெல்ல, ஜல் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி ஜல், ஜல். சின்னக் காலை எடுத்து வைத்து யாரோ நடக்கிற மாதிரி. ஏழு முடிந்ததும் அதுவும் நின்றது.

அன்று சாயங்காலம் வரை அப்பா திருகாணிகளை எல்லாம் இறுக்கினார். ஏழாம் நம்பரைப் போட்டார். ஜல். வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்து உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்துப் பசை போட்டு மூடினார். ஜல். பக்கத்துப் போர்ஷன் அக்கா சுவர் வழியாகக் கேட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்னங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்க வீட்டுல கொலுசுச் சத்தம் கேக்குது? மகாலட்சுமியா இருந்தா நல்லது.”

“வேற யாரா இருக்கும்?” என்றார் அப்பா.

“அதத்தான் கேக்குறேன். உங்களுக்கு முன்னாடி இங்க யாரு குடியிருந்தாங்க?”

“ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். அவரு கொலுசு போட்டதா தெரியல.”

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை. ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் வரும்போதும் அடுப்படியில் அவள் கை அப்படியே நின்றுவிடும். கரண்டி குழம்பிலேயே நிற்கும். அப்பாவின் தொழில் சத்தம் என்றாலே தலைவலி என்று சொல்கிறவள், அன்றைக்கு அடுப்படி வாசலில் வந்து நின்று, “இன்னொரு தடவ போடுங்களேன், சரியா கேக்கல,” என்றாள். அப்பா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போட்டார். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். கோயிலில் சேவிக்கும்போது மட்டும்தான் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அம்மா பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குப் போனாள். அப்பா பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெட்டி கல்லு மாதிரி இருக்கு. இது பெட்டி இல்ல, குட்டி. வீடுதான் பேசுது.”

ரிமோட்டை என் கையில் கொடுத்தார். ஏழு முடிய முடிய மறுபடி ஏழையே அமுக்க வேண்டும், கை எடுக்கக் கூடாது. அவர் சுவரில் காதை வைத்துக்கொண்டு கூடம், அடுப்படி, சாமி அலமாரி என்று நகர்ந்து போனார். நான் பெட்டி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஊங்காரம் தரை வழியாக என் தொடையில் ஏறியது. பல் லேசாக நடுங்கியது. கொலுசு நடந்தது. அப்பா கிட்டே போனால் அது ஓடி ஒளிந்துகொள்ளும், தள்ளிப் போனால் வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அது ஒளியவில்லை. என் தலைக்கு நேர் மேலேயே நடந்துகொண்டிருந்தது.

அப்பா ஸ்டூலைப் போட்டுப் பரண் மேல் தலையை விட்டார். பழைய பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்தார். அவர் கைக்குப் போனதும் சத்தம் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஏழு முடிந்தது. அமுக்கினேன். மறுபடி முடிந்தது. அவர் திரும்பவே இல்லை.

“என்னப்பா அது?”

“எலி,” என்றார்.

கொடியில் கிடந்த பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து டப்பாவுக்குள் திணித்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். அம்மா துளசியோடு திரும்பி வந்ததும் ஏழாம் நம்பரைப் போட்டுக் காட்டினார். ஊங்காரம் மட்டும் வந்தது. அதன் மேல் யாரும் நடக்கவில்லை.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“எப்படிச் சரி பண்ணீங்க?”

“உள்ள கொஞ்சம் துணி வெச்சேன்,” என்றார் அப்பா. பெட்டிக்குள் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் அம்மா ஸ்டூலில் ஏறினாள். டப்பாவை இறக்கி, துணியை இழுத்துப் போட்டாள். அவள் மடியில் விழுந்தது ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. எலி இல்லை என்று தெரிந்ததில் எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கி என் காலில் மாட்டிப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு மேல் ஏறவில்லை.

“இது யாருக்கும்மா, இவ்வளவு சின்னதா?”

“அப்பாகிட்ட சொல்லிடாத,” என்று மட்டும் சொல்லிவிட்டு, துணி இல்லாமல் டப்பாவை மூடிப் பரணில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஏழு வந்தது. ஜல், ஜல்.

“என்னங்க, பெட்டி பேசுதே,” என்றார்.

அப்பா பரணைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. ஏறி டப்பாவை எடுத்துக் காட்டினால் தீர்ந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அது பெட்டி இல்லீங்க சார். உள்ள கொழந்த இருக்கு,” என்றார் அப்பா.

வாத்தியார் என் வெறுங்காலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த நிமிஷம் முடியும் வரை எடுக்காமல் இருந்தார்.

“வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க சார். அங்க இந்தச் சத்தம் வந்துச்சுன்னா நானே வந்து திருப்பி எடுத்துக்கறேன்.”

“வராதுங்க,” என்றார் வாத்தியார். பெட்டி அன்றைக்கே ஆட்டோவில் ஏறிப் போனது. அப்பா மறுபடி மன்னார்புரத்துக்குப் போகவில்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, அடி எடுத்து வைக்கிற வயசில், முதல் பிறந்த நாளுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, காய்ச்சலில் போய்விட்டாள் என்பதை, எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் சொன்னார்கள். அவள் கொலுசைப் பெருமாள் உண்டியலில் போட்டுவிட்டதாக அம்மா அந்தக் காலத்தில் அப்பாவிடம் சொல்லியிருந்தாளாம். பெருமாளுக்கென்று சொன்னதை வைத்துக்கொண்டது தப்புதான். நானும் இப்போது இரண்டு பெற்றவள். பெருமாள் அதைக் கேட்டு வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சின்னக் கொலுசைக் கண்ணால் பார்த்தாயிற்று. உள்ளே குழந்தை இருக்கிறது என்று அப்பா வாயாலேயே சொல்லியாயிற்று. இரண்டையும் கூட்டிப் பார்த்து, திங்கட்கிழமை காலையிலேயே பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் போய், எங்கள் வீட்டில் பாப்பா வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே நான்கு புளிப்பு மாங்காயை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“சொல்லவே இல்ல பாத்தீங்களா. எத்தன மாசம்?”

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் போனேன். அவள் கை நீட்டி மாங்காயை வாங்கிக்கொண்டாள்.

“பதினோரு மாசம்,” என்றாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பத்து மாசத்துக்கு மேல் எந்த ஊரிலும் கிடையாது என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று.