சம்பந்தியோடு மீன் பிடிக்க ஒரு தடி

அந்தோனிப்பிள்ளை அண்ணை எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே ஒரு டியூப் லைட்டை உடைத்தார். கடற்கரையில் நின்று தூண்டிலை ஈயக்குண்டோடு தூர எறிவதற்கென்று செய்த பன்னிரண்டு அடி மீன்பிடித் தடி ஒன்று சுவரோரம் நின்றது. அதை எடுத்துக் கொடிமரம் மாதிரி நிமிர்த்திப் பிடித்தார். கண்ணாடித் தூள் முழுக்க என் தலையில்.

நான் கிழக்கு லண்டனில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையொன்றில் பல வருசமாக நிற்கிறேன். அதற்கு முதல் பெற்றோல் ஷெட்டில் நின்றேன். தடியைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தும், தடியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் ஏச்சு வாங்கியும் படித்தேன். எங்கள் முதலாளி டெரி ஒரு கதை சொல்வார்: கண்ணால் தடி வாங்குகிறவன் மணிக்கட்டு நொந்து திருப்பித் தருவான் என்று. வெள்ளைக்காரனின் பழமொழியோ, அவர் தானாகக் கட்டியதோ தெரியாது. நூற்றுக்கு நூறு உண்மை.

தூளைத் தட்டிவிட்டு, என்ன மீனுக்கு என்று கேட்டேன். பைக் என்றார். எங்கள் கடலில் சீலா இருக்கிறதல்லவா, நீண்ட வாயும் ஊசிப் பல்லுமாக? அதற்கு ஆற்றில் ஒரு மச்சான் இருந்தால் அதுதான் பைக். லூர் என்கிற பொய் மீனை எறிந்து, நிசமான மீன் நீந்துகிற மாதிரி இழுத்து வந்தால் பாய்ந்து கவ்வும்.

பைக் பிடித்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டதும் அண்ணை கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மகளுக்கு ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கிரகாம், பைக் பிடிப்பதென்றால் சாப்பாட்டை மறக்கிற மனிதர்.

"ஊர் மன்னார்க் கடற்கரை எண்டு சொன்னன், தம்பி. அப்ப மீன் பிடிப்பீங்களோ எண்டு அந்தாள் கேட்டுது. தலையை ஆட்டிப் போட்டன்."

"ஏனண்ணை ஆட்டினீங்கள்?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டால் ஆட்டத்தானே வேணும்?"

அண்ணையின் தகப்பன் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். அண்ணை கவுன்சிலில் பார்க்கிங் செக்ஷன். தூண்டிலைத் தொட்டதே இல்லை, வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். வாற ஞாயிறு பூசை முடிய, லீ ஆற்றங்கரையில் சம்பந்தியோடு பைக் பிடிக்கவேண்டும். அங்கே பிழைத்தால் கலியாண வீடு முழுக்கச் சிரிக்கும். அதனால்தான் பெரிய தடி. பெரிய மீனுக்குப் பெரிய தடி என்பது அவர் கணக்கு.

பொய் மீனைப் பார்த்துத் தடி

கணக்கு பிழை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு என்பார்கள். லூரின் நிறை அறிந்து தடியைக் கொடு என்பதையும் அதோடு சேர்க்கலாம் என்றேன்.

"கோத்திரம் பாக்காமல்தான் பெண்ணைக் குடுக்கிறன்," என்றார் அண்ணை. "தடியையாவது பாத்து எடுப்பம்."

முதலில் நான் தடியைக் காட்டுவதில்லை. லூரைத்தான் எடுத்து வைப்பேன். கிரகாம் என்ன எறிவார் என்று மகளிடம் போனில் கேட்கச் சொன்னேன். முப்பது, நாற்பது கிராம் ரப்பர் மீன்கள் என்று பதில் வந்தது. பிடிக்குச் சற்று மேலே ஒவ்வொரு தடியிலும் எத்தனை கிராம் எறியலாம் என்று எழுதியிருக்கும். இருபது தொடக்கம் அறுபது என்று போட்டிருந்த எட்டடி ஸ்பின்னிங் தடி ஒன்றை எடுத்தேன். லூரின் நிறை அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் விழவேண்டும். கடுமையான தடியில் லேசான லூரைக் கட்டினால் தடி வளையாது. வளையாத தடி எறியாது. மெல்லிய தடியில் பாரமானதைக் கட்டினால் நுனி முறியும்.

வெறும் தடியைக் கையில் தூக்கிப் பார்ப்பது, சாவியில்லாமல் கார் வாங்குகிற மாதிரி. அதனால் ரீலைப் பூட்டி, பின்னல் நூலைக் கோர்த்து, பைக்கின் பல்லு நூலை அறுக்காமல் இருக்க நுனியில் கம்பி ட்ரேஸும் போட்டு, லூரைத் தொங்கவிட்டு அண்ணையின் கையில் கொடுத்தேன். பிறகு கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், கொக்கி கழற்றிய லூரை எறிய வைத்தேன். முதல் எறி டெரியின் வான் வண்டிக் கூரையில் விழுந்தது. டெரி யன்னலால் எட்டிப் பார்த்து, வான் சாப்பிடக்கூடிய மீன் இல்லை என்று மட்டும் சொன்னார். பின்னேரமாகும்போது லூர் நான் காட்டிய இடத்துக்குக் கிட்டப் போய் விழத் தொடங்கியது.

அண்ணை காசு கொடுக்கும்போதுதான் பேச்சுவாக்கில் சொன்னேன், அந்தக் கரையில் மீன்பிடிக் கிளப்பின் சட்டம், பிடித்த பைக்கைத் திருப்பி ஆற்றில் விடவேண்டும் என்று.

அண்ணையின் முகம் வெளிறியது. "பிடிச்ச மீனை விடுறதோ? அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது?"

"படம் எடுக்க."

"கடவுளே. மனுசி ரெண்டு வீட்டாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டா. அப்பா பிடிச்ச மீன் கறி எண்டு."

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். மனுசிக்குச் சொல்லலாம், ஊரெல்லாம் கதை பரப்புகிற மனுசியின் தங்கச்சிக்குச் சொல்ல ஏலாது என்று சொல்லிவிட்டுத் தடியோடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது

மிச்சத்தை அடுத்த கிழமை அண்ணையே கடைக்கு வந்து, வாடிக்கையாளர்களையும் நிற்க வைத்துச் சொன்னார்.

பூசை முடிந்து அண்ணை போய்ச் சேரும்வரை, விடியத் தொடங்கி எறிந்துகொண்டிருந்த கிரகாமுக்கு ஒன்றும் படவில்லை. அண்ணைக்குத்தான் கவ்வியது. தடி நன்றாக வளைந்து மீனின் இழுப்பைத் தாங்கிக்கொண்டதாம். கிரகாம் வலையால் கோலி, நீண்ட குறட்டால் கொக்கியைக் கழற்றி, படம் எடுத்து, மீனைத் தண்ணீருக்குள் வைத்து விடச் சொன்னார். அண்ணை வாலைப் பிடித்தபடியே இருந்தார். விடவில்லை. என்ன என்று கிரகாம் கேட்க, மன்னார், தபாற்கந்தோர், சாப்பாடு எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. கிரகாம் சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே குந்திவிட்டார். பைக் தன்பாட்டில் போய்விட்டது.

கிரகாம்தான் வழியும் சொன்னார். இரண்டு சம்பந்திகளும் ஈஸ்ட்ஹாமில் எங்கள் ஆட்களின் மீன் கடைக்குப் போய், ஆற்றையே காணாத கடல் மீன், நல்ல அறக்குளா ஒன்று வாங்கினார்கள். கடைக்காரப் பொடியன் வழக்கம்போல, என்ன மாதிரி வெட்டுறது என்று கேட்டான். அண்ணையும் வழக்கம்போல, கறிக்கு வெட்டித் தாங்கோ என்றார்.

வீட்டில் அண்ணையின் மனுசி றோசலின் அக்கா பையைத் திறந்தார். அவர் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர், மீனை வாசத்திலேயே பெயர் சொல்லுவார். துண்டுகளைக் கழுவி, கறி காய்ச்சினார். எல்லோரும் மேசையில் இருந்த பிறகு, கிரகாமின் தட்டில் கறியை ஊற்றியபடி இங்கிலீசில் ஆறுதலாகக் கேட்டாராம்:

"ஆத்திலை அறக்குளா ஓடுறது இருக்கட்டும். அது கறித்துண்டாவோ ஓடுது?"

அக்காவின் தங்கச்சிக்கு முதலில் விளங்கிவிட்டது. அண்ணை தட்டைப் பார்த்தபடி இருந்தார். கிரகாம்தான் கையை உயர்த்தி, வெட்டச் சொன்னது தான் என்று பழியை ஏற்றார். மீனைக் கறிக்கு எப்படி வெட்டுவார்கள் என்றே தெரியாத மனிதர்.

அக்கா கறிச்சட்டிக்குள் கரண்டியை விட்டு, மீன் தலையைத் தேடி எடுத்து, கிரகாமின் தட்டில் வைத்தார். "சம்பந்திக்காகப் பொய் சொல்லுற ஆள்," என்று தங்கச்சியிடம் தமிழில் சொன்னார். "இனி இவர் எங்கட ஆள்தான்."

கிரகாம் அந்தத் தலையைக் கண்ணோடு சாப்பிட்டார் என்பது அண்ணையின் சாட்சியம்.

இளம் ஆட்கள் எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் நான் சொல்வது இதுதான். லூரின் நிறையைக் கேளுங்கள், எறியப்போகிற கரையைக் கேளுங்கள், ரீலைப் பூட்டி எறிய வைத்துக் கொடுங்கள். ஆனால் தடியை ஒருவர் கையில் கொடுக்க முதல், பிடித்த மீனை என்ன செய்யப் போகிறார் என்றும் கேளுங்கள். கறி வைக்கப் போகிறேன் என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னால், சட்டத்தைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் வெளிறினால், மீன் கடைக்கு வழி காட்டுங்கள். வெட்டாமல் முழுசாக வாங்கச் சொல்லுங்கள்.