தாம்பரத்தில் தரையைச் சூடாக்கின கதை

தாம்பரம் பக்கம் வீட்டுத் தரையைச் சூடாக்கிக் கொடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர் முதலில் வெயிலைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார், அதற்கப்புறம் பேச்சை மாற்றிவிடுவார்.

நானாகத் தேடிப் போன தொழில் இல்லை இது. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு வருடம் கொடைக்கானலில் இதைச் செய்தேன். மெல்லிய ஹீட்டர் கம்பி பின்னிய ஒரு பாயைத் தரையில் விரித்து, மேலே பசை போட்டு டைல்ஸ் ஒட்டி, சுவரில் ஒரு சுவிட்ச் வைத்தால் தரை வெதுவெதுப்பாகிவிடும். அங்கே ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பிறகு மனைவிக்குச் சேலையூரில் ஆசிரியை வேலை கிடைத்தது. குடும்பம் மலையை விட்டு இறங்கியது, கூடவே தொழிலும் இறங்கியது. மொட்டை போடும் கோயில் வாசலில் சீப்பு விற்றுப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஒரு வார்த்தை, இரண்டு அர்த்தம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் புது வீடு. பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருப்பவர், இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். படுக்கையறைக்கு வேண்டும் என்று போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டார். நானும் டைல்ஸ் மேஸ்திரி தசரதன் அண்ணனும் பாயோடு போய் இறங்கியபோது அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மோர் கொடுத்து உபசரித்தார். "இதைப் போட்டா ஃபேன்கூடத் தேவையில்லையாமே?" என்றார். மார்கழியைச் சொல்கிறார் போல என்று தலையாட்டி வைத்தேன். அடுத்து, "எவ்வளவு ஜில்லுனு வேணா வச்சுக்கலாமா?" என்றார்.

பாயைப் பிரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "மேடம், இது சூடு பண்றது" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கணவர் உற்சாகமாகச் சொன்னார்: "காலையில எழுந்து கால் வச்சா எவ்வளவு இதமா இருக்கும்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" மனைவி கேட்டார்: "இதமான்னா ஜில்லுனுதானே?" கடைசியில் படுக்கையறை வேண்டாம், குளியலறையில் மட்டும் ஒரு சின்னப் பாய் என்று சமாதானம் ஆனது. நாங்கள் கிளம்பும்போதும் அந்த அம்மாவுக்கு ஆச்சரியம் தீரவில்லை. "மூணு மாசமா நாங்க ரெண்டு பேரும் ஒரே தரையைப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்கோம்னு நினைச்சேன் சார்!"

மேலே ஏசி

பம்மலில் ஒரு பழைய வீடு. அந்த வீட்டு மருமகள் பிசியோதெரபிஸ்ட், முன்னறையில் சிகிச்சை கொடுக்கிறார். வருகிறவர்கள் தரையில் மெல்லிய விரிப்பில் படுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். ஏசி இல்லாவிட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. ஏசியைப் போட்டால் தரை ஜில்லிட்டு, படுத்தவுடன் முதுகு பிடித்துக்கொள்கிறது. அதனால் தரைக்கு மட்டும் சூடு வேண்டும், அறைக்கு வேண்டாம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்கத்தான் தலை சுற்றியது.

தசரதன் அண்ணன் டைல்ஸை உடைத்தார். அடியில் முழுசாக ஒரு மொசைக் தரை. அதை உடைத்தார். அடியில் சிவப்புச் சிமெண்ட் தரை, பளபளவென்று. இதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். "நான் வாங்கினப்பவே சிவப்புதான், அதுக்கு முன்னாடி நான் பொறுப்பில்லை" என்றார். தரை உயர உயரக் கதவை அடியில் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இப்போது சிவப்பையும் சேர்த்து மூன்று தரையும் உடைத்த பிறகு கதவுக்கு அடியில் பூனை நிமிர்ந்தே போகலாம். எப்படியோ பூசி மெழுகி, பாயை விரித்து, டைல்ஸ் ஒட்டி, பசை காய்ந்ததும் போட்டுக் காட்டினோம். முதலில் வந்து படுத்த அம்மா எழுந்திருக்க மறுத்துவிட்டார், அவ்வளவு சுகமாம். பம்மலிலேயே பிறந்து வளர்ந்த தசரதன் அண்ணன் மட்டும் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து கேட்டார்: "மேல ஏசி, கீய ஹீட்டரு. நடுவுல படுத்துகினு கீற மனுசன் இன்னா தம்பி பண்ணுவான்?"

ஆறாவது மாடி

மேடவாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடி வீட்டில் டிசம்பரில் வேலை முடித்தேன். ஏப்ரலில் அந்த வீட்டுக்காரர் அலறினார்: சுவிட்ச் அணைத்திருக்கிறது, ஹால் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஓடினேன். உண்மைதான், கொதித்தது. சுவிட்சைக் கழற்றினேன். மெயினையே இறக்கினேன். கம்பியில் கரண்ட் துளிகூட இல்லை, தரை மட்டும் கொதித்தது. எனக்கே என் தொழில் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கால்மணி நேரம் திருதிருவென்று விழித்த பிறகுதான் பால்கனிக் கண்ணாடிக் கதவு கண்ணில் பட்டது. மேற்குப் பார்த்த கதவு. திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருந்தார்கள். ஒரு போர்வையைக் கட்டி மறைத்தோம். அரைமணியில் தரை ஆறிவிட்டது. அவர் போர்வையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சூரியன் சும்மாவே செய்யற வேலைக்கா சார் உங்களைக் கூப்பிட்டேன்?"

குஞ்சுகளின் மூலை

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒருவர் வீட்டுப் பின்னறையில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறார். பெயர் ஏகாம்பரம். பல்பு வைத்தால் அடிக்கடி ஃபியூஸ் போகிறது, தரையையே சூடாக்கிக் கொடுங்கள் என்றார். செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் போன்: குஞ்செல்லாம் ஒரே மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெரித்துக்கொள்கிறது, இரண்டு நாளில் ஒன்பது செத்துவிட்டது. நான் செய்த தரையில் ஒன்பது உயிர் போனது என்பது நெஞ்சை அறுத்தது.

அந்த மூலை மட்டும் சூடு, மற்ற இடம் ஆறிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். சாண் சாணாக அளந்தேன். எல்லா இடமும் ஒரே சூடு. காற்று வருகிறதா என்று ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை நேராக மேலே போனது. குஞ்சுகளைக் கையால் அள்ளி நடுவில் விட்டேன். நான் எழுந்து நிற்பதற்குள் அத்தனையும் திரும்ப அதே மூலை. ஏகாம்பரமும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அவர் மனைவி தவிட்டுச் சட்டியோடு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே ஒரு தாய்க்கோழியைக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்துக்கொண்டு வந்து அறை நடுவில் ஒரு கூடைக்குள் விட்டார். அது கொக்கரித்ததுதான் தாமதம், குஞ்செல்லாம் மூலையை விட்டுக் கிளம்பிக் கூடையைச் சுற்றிப் பரவலாகப் படுத்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னார்: "சூடு இருந்தா போதுமா? அம்மா சத்தம் எங்க கேக்குதோ அங்கதான் போகும்."

கணக்கு வாத்தியார் கால்

சேலையூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஆபிரகாம் சார் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தனியாக இருக்கிறார். மகள் கனடாவிலிருந்து பேசினார்: அப்பாவுக்கு எந்நேரமும் கால் ஜில்லென்று இருக்கிறதாம், இங்கே எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி தரையைச் சூடாக்கிக் கொடுங்கள். அது கத்திரி வெயில். சார் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அறையை அளப்பதற்காக அவரை எழுப்பி, சாக்ஸைக் கழற்றிச் செருப்பு மாட்டிவிட்ட தசரதன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "சார் காலு நல்லா சூடாத்தான் கீது" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. "இல்லப்பா, ஐஸ் கட்டியில வச்ச மாதிரி இருக்கு" என்றார் சார். யாரை நம்புவது?

அளந்து முடிக்கும் வரை அவர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கேட் பக்கம் கிடந்தது. நடுவில் வெறும் சிமெண்ட் தரை, நான் செருப்போடு நின்றாலே சுடுகிறது. அதில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. இந்தக் காலுக்கு அடியிலா நான் ஹீட்டர் வைக்கப் போகிறேன்? மகளுக்குப் போன் செய்து, முதலில் டாக்டர், அப்புறம்தான் தரை என்றேன். "வேலை செய்ய இஷ்டமில்லைன்னா நேரா சொல்லுங்க" என்று கோபித்துக்கொண்டார். கொண்டுபோயிருந்த பாயை ஓரமாக வைத்துவிட்டு, சாரை ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

சர்க்கரை ஏறிக் கால் நரம்புகள் கெட்டுப்போயிருந்தன. காலே ஜில்லென்று பொய் சொல்லும், சுட்டால் சொல்லாது என்று டாக்டர் விளக்கினார். குதிகாலில் ஒரு புண் வேறு இருந்தது, சாருக்கே தெரியாமல். இன்னும் சில வாரம் போயிருந்தால் காலை எடுத்திருப்பார்கள். இரண்டு மாதம் கட்டுப்போட்டு ஆறியது. மகள் திரும்பக் கூப்பிட்டார். அழுதார், நான் "பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பாயைத் திரும்ப எடுத்துவரப் போன அன்று சார் கேட் வரை வந்தார், இரண்டு காலிலும் செருப்போடு. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தப்பு காலுல இருக்க, தரையைத் திருத்தப் பார்த்தேனே தம்பி."

தரையைச் சூடாக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் போதுமானதாக இருந்தது, அது யாருக்கு எதற்கு வேண்டும் என்று விளங்கிக்கொள்ளத்தான் இந்த ஆயுசு காணாது போலிருக்கிறது.