தொண்ணூறு மீன்களுக்கு ஒரு புகையடுப்பு

உருத்திரமூர்த்தி, சுவிஸ் நாட்டின் வில் என்ற நகரத்து உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னர், யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பஸ் சாலையில் பதினொரு ஆண்டுகள் இரும்பு ஒட்டுவேலை செய்தவர். நசுங்கிய பஸ்ஸை மூன்றே நாளில் நிமிர்த்தி வீதிக்கு அனுப்பக்கூடிய கை அவருடையது. அந்தக் கைக்கு ஏற்ற வேலையொன்று சுவிற்சர்லாந்தில் முதன்முறையாக வந்து வாய்த்தது, 1986ஆம் ஆண்டு ஆடி மாதத்தில்தான்.

உணவக முதலாளி கெல்லர், பின்வளவில் ஒரு புகையடுப்பு வைத்திருந்தார். எண்ணெய்ப் பீப்பாய்ப் பரல் ஒன்றின் அடியில் மரக்கரித் தணல். தணலின்மேல் ஈரமான மரச்சீவல். நடுவே ஒரு கம்பித் தட்டு. மூடியில் ஒரு சிறு புகைக்குழாய். உப்புநீரில் ஊறிய ஓடைமீன்களைத் தட்டில் அடுக்கி மூடிவிட்டால், இரண்டு மணி நேரத்தில் அவை பொன்னிறமாக வெந்து, புகைமணத்தோடு வெளிவரும். ஒரு தடவைக்கு இருபத்து நான்கு மீன். அதற்கு மேல் ஒன்றுகூட அடங்காது.

ஓகஸ்ட் முதலாந் திகதி அந்நாட்டின் தேசிய நாள். அவ்வாண்டு அது வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளியன்று இறைச்சியை விலக்கி மீன் உண்ணும் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் வில். ஆகவே, ஊர் வாத்தியக் குழுவினர் தங்கள் மாலை விருந்துக்குத் தொண்ணூறு புகைமீன் வேண்டும் என்று கெல்லரிடம் சொல்லிவிட்டார்கள். கெல்லர் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். பார்த்துக்கொண்டு நின்ற உருத்திரமூர்த்தி, ஒரு பரலின்மேல் இன்னொரு பரல் நிற்பதாகக் கைகளால் காற்றில் வரைந்து காட்டினார்.

அன்று மாலை, பேச்சை விளங்கவைப்பதற்கு யேசுதாசன் அழைக்கப்பட்டார். அகதிகள் விடுதியில் உருத்திரமூர்த்தியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அவர். இந்நாட்டுக்கு அவரைவிட மூன்று ஆண்டுகள் முந்தி வந்து ஜேர்மன் மொழி பழகியவர். தொழிற்சாலை ஒன்றில் வேலை. கெல்லர் சொன்னதை அவர் அப்படியே தமிழாக்கினார்.

"அண்ணை, நீங்கள் அடுப்பைப் பெருப்பிச்சுக் குடுத்து, விருந்தும் நல்லபடி முடிஞ்சால், உங்களைச் சமையல் உதவியாளா எடுத்து ஒரு வருச ஒப்பந்தம் எழுதுவாராம். வேலை அனுமதி குடுக்கிற கன்ரோன் ஒவ்வீசுக்குத் தானே கடிதம் போடுவாராம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"இரண்டுதரம் கேட்டுப்போட்டன். விருந்து நல்லபடி முடிஞ்சால் எண்டுதான் சொல்லுறார். நீங்கள் தேர் கட்டுற மாதிரிக் கட்டிப்போடாதையுங்கோ, மீன் அவிக்கிறதுக்குத்தான் கேக்கினம்."

"உன்ரை பகிடியும் நீயும்!"

உருத்திரமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வேலை அனுமதி செப்ரெம்பர் மாதத்தோடு முடிவடைய இருந்தது. ஒப்பந்தமும் கடிதமும் இல்லையென்றால் அது நீடிக்கப்படமாட்டாது. அதன்பின், அகதிகள் விடுதிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்தக் காகிதம் கைகூட வேண்டுமென்று ஆடிவெள்ளி ஐந்துக்கும் விரதம் பிடிப்பதாக அவர் அம்மனுக்கு ஏற்கெனவே நேர்ந்திருந்தார்.

யேசுதாசன் போகிறபோக்கில் ஓர் ஆலோசனையும் சொன்னார்: "விரதக் கதை ஒண்டும் அங்கை எடுக்காதையுங்கோ. நீங்கள் மாடு வேண்டாம் எண்டதுக்கே குசினியிலை அந்தச் சமையல்காரன் சிரிச்சவன் எல்லே? மீனும் தொடமாட்டன் எண்டால், இவனென்ன சமையல்காரன் எண்டு கேப்பாங்கள். எனக்கு வெள்ளியிலை இறைச்சி ஆகாது, உங்களுக்கு மீன் ஆகாது. எங்களிரண்டு பேரையும் உருக்கி ஒட்டினால்தான் ஒரு முழுச் சமையல்காரன் வருவான்."

மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் இடையிலிருந்த மூன்று மணி நேர ஓய்வைத் தினமும் உருத்திரமூர்த்தி அடுப்புக்குக் கொடுத்தார். பக்கத்துக் கராஜில் ஒட்டுக்கருவியை இரவல் வாங்கினார். புதிய பரலை வெறுமனே நெருப்பிலிட்டு, எண்ணெய் வாடை அறும்வரை எரித்தார். அதன் அடித்தகட்டை வெட்டியெறிந்து, அதைப் பழைய பரலின்மேல் நிறுத்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினார். ஒரு தட்டு இருந்த இடத்தில் நான்கு தட்டுகள் ஏறின. மூடியையும் அதிலிருந்த சிறு குழாயையும் மட்டும் அவர் மாற்றவில்லை. நன்றாக இழுத்துக்கொண்டிருந்த குழாயை எதற்காகத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை, தட்டுக்கு மூன்றாகப் பன்னிரண்டு மீன்களை வைத்துச் சோதித்தார்கள். கெல்லர் ஒன்றைத் தின்று விரலைச் சூப்பினார். யேசுதாசன் இரண்டைத் தின்றார். உருத்திரமூர்த்தியும் ஒரு பாதியைத் தின்றுபார்த்தார். குறைசொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், தொண்ணூறு மீன்களும் ஒன்றையொன்று உரசும்படி அடுக்கப்பட்டன. யேசுதாசன் தொழிற்சாலையில் நின்றார். சமையற்காரன் உருளைக்கிழங்குகளோடு விருந்துத் திடலுக்குப் போய்விட்டான். கெல்லர் வளவின் மறுகோடியில் விருந்தினர் உட்காரும் வாங்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

முதல் அரை மணி நேரத்திலேயே புகை மாறிவிட்டது. நீலமாய், மெல்லியதாய்ப் போக வேண்டியது, வெண்மையாய்த் தடித்து, குழாயின் வாயில் தேங்கியது. தொண்ணூறு மீன்களின் ஈரமும் ஒரே குழாயால் வெளியேற முடியவில்லை. அது குளிர்ந்த இரும்பில் படிந்து, கரியோடு கலந்து, மூடியின் உட்புறத்தில் கறுத்த வியர்வையாகத் துளிர்த்தது. உருத்திரமூர்த்தி மூடியைச் சற்றுத் தூக்கிப்பார்த்தார், சூடு இறங்கியது. மூடினார், துளிகள் விழுந்தன. குழாயை அகலமாக்க வேண்டுமென்று இப்போது அவருக்குத் தெரிந்தது. ஆனால், எரிகிற அடுப்பில் எப்படி வெட்டுவது? கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது, மீன்கள் பொன்னிறமாகவே இருந்தன. பார்வைக்குப் புதன்கிழமை மீன்களைவிட அழகு. முகர்ந்து பார்த்தார், நாள் முழுதும் புகையில் நின்ற மூக்கு ஒன்றையும் சொல்லவில்லை. மேல்தட்டு மீனொன்றில் ஒரு துண்டைக் கிள்ளி உதடுவரை கொண்டுபோனார். மூன்றாவது ஆடிவெள்ளி. நேர்ந்ததும் இந்தக் காகிதத்துக்காக; கிள்ளியதும் இந்தக் காகிதத்துக்காக. துண்டைத் தணலில் போட்டுவிட்டார்.

கெல்லர் வியர்த்து வழிய வந்தார். "ப்ரோபியர்ட்?" என்றார். ருசி பார்த்தாயா என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். உருத்திரமூர்த்திக்கு அது நன்றாகவே விளங்கியது. இல்லையென்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குச் சமையற்காரனின் சிரிப்புத்தான் அவர் கண்முன் வந்தது.

"யா," என்றார். "குட்."

கெல்லர் அவருடைய தோளில் தட்டிவிட்டு மீன்களை வண்டியில் ஏற்றினார்.

ஆறு மணிக்கு விருந்து தொடங்கியது. உருத்திரமூர்த்தி தட்டங்கள் சேகரிக்கும் மேசைக்குப் பின்னால் நின்றார். முதல் வரிசையில் கொம்பு வாசிப்பவர் ஒருவர் ஒரு வாய் எடுத்தார், மென்றார், நின்றார், கடதாசியில் துப்பினார். அடுத்தவர் பியரால் வாயைக் கொப்பளித்தார். ஒருவரும் சத்தம் போடவில்லை. தட்டங்கள் மட்டும் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன, மீன் முழுதாக. உருளைக்கிழங்கு தீர்ந்துபோயிருந்தது. வருவதையெல்லாம் இரு கைகளாலும் வாங்கி அடுக்குவதுதான் அவருடைய வேலை, அதைச் செய்துகொண்டேயிருந்தார்.

மறுநாட் காலை, கெல்லர் யேசுதாசனையும் வரவழைத்தார். வாளி நிறையக் கிடந்த மீன்களைக் காட்டிப் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"என்னவாம்?" என்று உருத்திரமூர்த்தி கேட்டார்.

"கீழ்த்தட்டு மீன் மட்டும்தான் வாயிலை வைக்கக்கூடியதா இருந்ததாம். மற்றதெல்லாம் தார்க் கைப்பாம். ருசி பாத்தனெண்டு ஏன் சொன்னவர் எண்டு கேக்கிறார்."

"விரதமெண்டு சொல்லு."

"சொல்லிப்போட்டன் அண்ணை."

"அதுக்கு?"

யேசுதாசன் கெல்லர் சொன்னதைத் தமிழாக்கினார். "விரதமெண்டு சொல்லியிருந்தால் தான் திண்டு பாத்திருப்பாராம். பத்தடியிலைதானே நிண்டவராம். குழாய் பிழைச்சது பெரிய காரியமில்லையாம், அது ஆருக்கும் பிழைக்குமாம். ஆனால், தின்னாததைத் திண்டனெண்டு சொல்லுற ஆளைக் குசினிக்கு எடுத்துக் கடிதம் எழுத மனம் வரேல்லையாம்." பிறகு, கெல்லர் சொல்லாததைத் தாமாகச் சொன்னார்: "நான்தான் அண்ணை உங்களுக்குப் பிழையான புத்தி சொன்னனான். அதையும் சொல்லட்டோ?"

"வேண்டாம். சொன்னது என்ரை வாய்."

உருத்திரமூர்த்தி வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து, பிட்டு, வாயில் வைத்தார். நாக்கின் அடிவரை கைத்தது. துப்பாமல் விழுங்கினார். கெல்லர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம், அவர் மூடியை வெட்டி, இரண்டு மடங்கு அகலமான குழாயொன்றை ஒட்டிக் கொடுத்தார். அதன்பின் அடுப்பு ஒருநாளும் பிழைக்கவில்லை. தொண்ணூறு மீன் வைத்தாலும் புகை நீலமாகவே போனது. கெல்லர் ஒவ்வொரு தடவையும் முதல் மீனை அவரிடம் நீட்டுவார். வெள்ளியென்றால் தானே தின்பார். ஆடியில் எஞ்சியிருந்த இரண்டு வெள்ளிகளுக்கும் உருத்திரமூர்த்தி விரதத்தை விடவில்லை. கடிதத்தைப் பற்றிக் கெல்லர் பிறகு வாய் திறக்கவில்லை. கேட்பதற்கு இவருக்கும் வாய் வரவில்லை.

செப்ரெம்பர் முப்பதாந் திகதி, அனுமதியின் கடைசி நாளில், பாத்திரங்களைக் கழுவி முடித்து, உருத்திரமூர்த்தி விடுதிக்குத் திரும்பினார். மறுநாள் காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து சப்பாத்தையும் மாட்டிவிட்டார். போவதற்கு இடமில்லை என்பது அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது. சப்பாத்தோடு கட்டிலில் அமர்ந்துகொண்டார்.