மலையாண்டி திறந்த கண்கள்

தொண்டி அப்துல் அஜீஸ் கொழும்பிலிருந்து ஒரு மடக்குக் கேமரா கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், இராமநாதபுரம் பருத்தி மண்டிக் கணக்கர் மலையாண்டியின் தலையில் கட்டிவிட்டுப் போனார். வருஷம் ஐம்பத்திரண்டு. அன்று பிடித்தது மலையாண்டிக்குப் பைத்தியம். ஞாயிறுதோறும் ரயிலேறித் தனுஷ்கோடிக்குப் போவார். அலையை எடுப்பார், நாரையை எடுப்பார், காய்கிற வலையை எடுப்பார். அடுப்படியைக் கம்பளியால் மறைத்து இருட்டாக்கி, அங்கேயே படம் கழுவுவார்.

"ஒலை வைக்க அரிசி இல்ல. இந்த அலையைத் தாளிச்சு ஊத்தவா?" என்று கேட்டாள் மனைவி சண்முகவள்ளி. கேட்டதில் தப்பென்ன?

சரி, கேமரா தன் செலவையாவது தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்களைப் படம் எடுக்கக் கிளம்பினார். டவுன்காரர்களுக்கு ஸ்டுடியோ இருந்தது. கிராமங்களில் கேமராவைக் கண்டதும் ஆண், பெண், பொடிசு எல்லாம் ஓட்டமெடுத்தன. படம் எடுத்தால் ஆயுசு குறையுமாம்! வெறும் கஞ்சியும் கருவாடுமாகக் கிடக்கிற ஆயுசு, அதையும் ஒருவன் திருடிக்கொண்டு போய்விடுவானாம்.

ஆனால் செத்தவருக்குக் குறைய ஆயுசு ஏது? மூச்சு நின்ற மறு நிமிஷம்தான் பிள்ளைகளுக்கு ஞானம் பிறக்கும். "ஐயையோ, அய்யா படம் ஒண்ணுகூட இல்லையே!" உடனே மலையாண்டிக்கு ஆள் வரும். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, சாயாமல் வேட்டியால் கட்டி, சுற்றிலும் குடும்பமே வரிசையாக நிற்கும். அந்தக் கூட்டத்தில் அசையாமல் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர் செத்தவர் ஒருவர்தான். இருக்கும்போது ஒரு வாய் வெந்நீர் கொடுக்காதவன் பிணத்தின் தோளில் கை போட்டு நிற்பான், பார்க்க வேண்டுமே!

மூடிய கண்ணோடு படம் கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "கண்ணைத் தொறந்து குடுங்க" என்பார்கள். மலையாண்டி தூரிகை எடுத்துப் படத்தின்மேல் கண் எழுதினார். அவருக்குப் பார்த்து எழுதக் கிடைத்தது காலண்டர் முருகன் ஒருவர்தான். ஆகவே வட்டிக்கு விட்டவன், வரப்பை வெட்டியவன், சாராயத்தில் மிதந்தவன் எல்லோரும் செத்த பிறகு ஒரே கருணையோடு ஊரைப் பார்த்தார்கள். குடும்பங்களுக்குப் பரம திருப்தி.

வருமானம் வந்தது, மதிப்புத்தான் போயிற்று. 'பொணப்படக்காரர்' என்று பேர் விழுந்தது. அவர் தெருவில் நின்றால், நோயாளி இருக்கிற வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சண்முகவள்ளி கிணற்றடியிலேயே நாலு வாளி ஊற்றித்தான் உள்ளே விட்டாள். மனுஷனுக்கு வயிறு நிறைந்தாலும் நெஞ்சு ஆறவில்லை. தான் எடுத்த ஓர் உயிருள்ள முகம் ஒரு வீட்டுச் சுவரிலாவது தொங்க வேண்டும், அப்படித் தொங்கினால் கல்யாண வீடுகள் கூப்பிடும், பிணவாடை விடும் என்று ஏங்கினார்.

ஏங்கியதற்குப் பலன் வந்தது. கமுதிப் பக்கம் தங்கசாமி வீட்டில் மகள் கல்யாணம். மதுரையில் படித்த மாப்பிள்ளை, படம் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மலையாண்டி புதுச்சட்டை போட்டுக்கொண்டு, முக்காலியும் பெட்டியுமாக விடியற்காலையில் போய்ப் பந்தல் வாசலில் நின்றார்.

தங்கசாமியின் தகப்பனார் சோணைமுத்து அப்போது சீக்காளி. இருமல் சத்தம் சம்பந்தி காதில் விழக்கூடாதென்று கொல்லை மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிவந்த சொந்தக்காரப் பெண்கள் வாசலில் மலையாண்டியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"போயிட்டீகளா அய்யா! எங்களை விட்டுப் போயிட்டீகளா!"

ஒருத்தி மாரில் அடித்தாள். என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் வந்தவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். பெரியவரின் மருமகன்மார் இருவர் ஓரமாக ஒதுங்கி, கிணற்றடி வயல் யாருக்கு என்று ஆரம்பித்தார்கள். தங்கசாமி ஓடிவந்தார். அப்பனை எட்டிப் பார்த்தாரா? இல்லை.

"சத்தம் போடாதீக! போயிருந்தாலும் தாலி கட்டுற மட்டும் வெளிய மூச்சு விடக்கூடாது. கொட்டகையைப் பூட்டுங்க!"

"யாருலே செத்தது?"

கம்பை ஊன்றிக்கொண்டு சோணைமுத்து நின்றார். ஒப்பாரி பாதிச் சொல்லில் அறுந்தது. பெரியவர் நேராகப் போய், மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏலே படக்காரா, என்னைய உசுரோட எடு. நாளைக்கு இதைத்தான் சொவத்துல மாட்டணும்."

சொல்லிவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையோடு மலையாண்டி எடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல படம். அடுத்த கணம் தங்கசாமி மலையாண்டியின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். "மங்கலக் காரியத்துல ஒப்பாரி வைக்க வச்சிட்டியேய்யா, போ!" சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதுதான். அப்புறம் எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை.

சோணைமுத்து வீம்புக்கென்றே மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனார். ஆள் வந்தது. மலையாண்டி அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனார். தங்கசாமி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்துவைத்தார்.

"இதெங்க அய்யா மாதிரியா இருக்கு? என்னையக் கடிச்சுத் திங்குற மாதிரில்ல பாக்குறாரு! அவரு சாந்தமான மனுசன். இந்தா உக்கார வச்சிருக்கோம், எடுத்துட்டு வழக்கமாப் போடுற கண்ணைப் போட்டுக் குடுங்க."

பிணத்தின் தோளில் கைபோட்டு நின்றார் தங்கசாமி. மலையாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படம் பிடித்துவிட்டு, பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காலண்டர் முருகனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, பழைய படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்து கண் எழுதினார்.

கருமாதியன்று பங்காளிகள், சம்பந்திகள் எல்லோர் முன்னாலும் படத்தைப் பிரித்து மாட்டினார்கள். "ஆத்தாடி, அப்பிடியே அய்யாதான்! உசுரோட பாக்குறாரே!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அத்தனை பேர் கும்பிட்ட படத்தைக் கழற்ற முடியுமா? தங்கசாமி நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுப் பார்த்தார், அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தார். எங்கன உட்கார்ந்தாலும் கிழவர் விடவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கண் மறைகிற மாதிரி கனத்த மாலையாக ஒன்று வாங்கிப் போட்டார். அது மறுநாள் வாடிச் சுருங்கியதும் இன்னொன்று. இன்றைக்கும் கமுதிக் கடைத்தெருவில் தினமும் முதல் மாலை அவருக்குத்தான். பூக்காரி எல்லோரிடமும் சொல்கிறாள், "பெத்த அப்பன் மேல இம்புட்டுப் பாசம் வச்ச புள்ளைய நான் பாத்ததே இல்ல."