பாதித் தொட்டித் தண்ணீர்

போன வருடக் கோடையில், மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் நடந்தது. அங்கே ஒரு ரப்பர் கம்பெனியில், செய்து முடித்த உதிரிபாகங்களைச் சோதித்துக் கழிக்கும் வேலை எனக்கு. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். என் வாய் மோசம். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் ஒரு குழுவில் இருக்கிறேன். பந்து விழுவது, வண்டி மோதுவது போன்றவற்றை இயற்பியல் விதிப்படி திரையில் ஓடவிடும் சிமுலேஷன்களை ஆட்கள் சொந்தமாகச் செய்து அதில் போடுவார்கள். மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தப்பைத் தப்பென்று சொல்ல என்ன பயம்? அதனால் நான் தாளித்து எடுத்துவிடுவேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி சிமுலேஷன் கண்ணில் பட்டது. வளைவில் திரும்பும்போது, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் லாரி கவிழாது, பாதி இருந்தால் கவிழும் என்று செய்தவர் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறைந்த லாரிதானே எடை அதிகம், அதுதானே முதலில் கவிழும்? ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'அடிப்படையே தப்பு. குப்பை. அழித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் படியுங்கள்' என்று எழுதிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன். மறுநாள் அந்தப் பதிவைக் காணோம். நல்லதாகப் போச்சு என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, கம்பெனியில் ஆள் வராததால் ஓர் எண்ணெய் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்து நானே தள்ளினேன். பாதிதானே இருக்கிறது என்று வேகமாகத் திருப்பினேன். உள்ளே இருந்த எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடி மோதியது. வண்டி சாய்ந்து, டிரம் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "ஏத்தா, கால் போயிருக்கும்டி!" என்று கூட இருந்த பெண் கத்தினாள். நிறைந்திருந்தால் அலம்ப இடமே இருந்திருக்காது. எனக்கு அந்த லாரிதான் கண்ணுக்குள் வந்தது.

எங்கள் வேலையில், ஒரு துண்டைக் கழிப்பதென்றால் அளந்து பார்த்து, எங்கே எவ்வளவு குறை என்று சிவப்புச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். வெறுமனே 'வேஸ்ட்' என்று எழுதுபவர்களை நான்தான் அதிகம் திட்டுவேன். அப்படிப்பட்ட நான், ஒருவருடைய உழைப்பை அளக்காமல் கழித்துப் போட்டிருந்தேன்.

அந்தச் சிமுலேஷனைச் செய்தவரிடம் குழு வழியாக நம்பர் வாங்கிப் பேசினேன். செல்லூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போதோ பாலிடெக்னிக் படித்துவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

"நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும்னு குழுவுலருந்து எடுத்துட்டேன் மேடம். படிச்சவுகளாச்சே," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

ஒரு லோடை இரண்டு வீட்டுக்குப் பிரித்து ஊற்றுவது அவர்களிடம் வழக்கம். அப்படி ஒருநாள் முதல் வீட்டில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போது, பைபாஸ் வளைவில் லாரி சாய்ந்துவிட்டது. அவருக்குத் தோளில் அடி. போன் பேசிக்கொண்டே ஓட்டியிருப்பார் என்று லாரி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். வாயால் சொல்லி எடுபடாததைக் கண்ணால் காட்டலாம் என்றுதான் மகளின் லேப்டாப்பில் அதைச் செய்திருக்கிறார். நான் குப்பை என்றதும் முதலாளியிடம் போகவே இல்லை. வேலை இல்லாமல் வீட்டிலேயே இருந்தார்.

"அண்ணே, தப்பு எம்மேலதேன். ஓட்டிப் பாக்காமலே எழுதிட்டேன். திரும்ப அனுப்புங்க."

"அப்ப நல்லாருக்கா?"

"அதெல்லாம் இப்பச் சொல்ல மாட்டேன். முதல்ல ஓட்டிப் பாக்குறேன்," என்றேன். சிரித்துவிட்டார்.

இந்தத் தடவை இருபது முறை ஓட்டினேன். தண்ணீர் அலம்புவதை அச்சு அசலாகச் செய்திருந்தார். அதைச் சொன்னேன். ஆனால் நிறைந்த லாரி ஒரு வேகத்திலும் பாதி லாரி வேறு வேகத்திலும் போயின. முதலாளி அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்றேன். எல்லா லாரியும் ஒரே வேகத்தில் போக வேண்டும், அந்த வேகத்தைப் பார்ப்பவரே வைக்கட்டும், உள்ளே தடுப்புத் தகடு வைத்த தொட்டி ஒன்றும் வேண்டும் என்றேன்.

"எம்புட்டு வேலை வைக்கிறீகம்மா!" என்றார். மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். "என்னப்பா, கேம் காட்ட வந்தியா? சாட்சிக்கு ஆள் வேற," என்றார் அவர். எனக்கு நாக்கு துடித்தது. டிரைவர் அண்ணன் என்னைக் கையமர்த்திவிட்டு லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார். "நீங்களே ஓட்டுங்கண்ணே."

முதலாளி வேகத்தைக் குறைத்து வைத்தார். எதுவும் கவிழவில்லை. "பாத்தியா?" என்றார். கொஞ்சம் கூட்டினார். நிறைந்த லாரி போனது, பாதி லாரி கவிழ்ந்தது. தடுப்பு வைத்தது பாதித் தண்ணீரோடும் தப்பித்தது. வேகத்தின் எண்ணை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். இன்னொரு முறையும் ஓட்டினார்.

"இது நம்ம பயலுக எல்லாரும் போற வேகந்தானப்பா," என்றார் மெதுவாக. பிறகு, "இம்புட்டு நாளா இத ஏன் காட்டல?" என்று கேட்டார்.

அதற்குக் காரணம் நான்தான். அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அப்பச் சரியா வரலண்ணே. இவுகதேன் திருத்திக் கொடுத்தாக," என்றார்.

முதலாளி மேசையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். தடுப்பு வைக்கும்வரை லோடைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஊருக்கெல்லாம் உண்மை பேசும் எனக்கு, அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கும் நான் யாருக்கும் சும்மா 'சூப்பர்' போடுவதில்லை, ஆனால் ஓட்டிப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதுவதும் இல்லை. என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்த ஒரு பொய்யைப் போல இதுவரை எந்தத் திட்டும் என்னைத் திருத்தியதில்லை.