வெடி இல்லாத கதை

“வெடி எங்கம்மா?”

என் கதையின் கடைசித் தாளைப் புரட்டிவிட்டுப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி இதுதான். புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. விருதுநகரில் ஒரு கல்லூரியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். படைப்பிலக்கியம் என்று ஒரு பாடம். ஆளுக்கொரு சிறுகதை எழுத வேண்டும், தேறியவற்றைத் துறையே தொகுப்பாகப் போடும். நான் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஊரான நாரணாபுரத்துக்காரி என்று தெரிந்த நாளிலிருந்தே அவர் என்னிடம் ஒரு விபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் எழுதியது அம்மா வேலைக்குப் போகும் வேனைப் பற்றி. பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற அந்த வேனில் சன்னலோரத்து இடத்துக்கு முறை வைத்திருந்தார்கள். வாந்தி வருகிறது என்று சொல்லி ஒருத்தி அந்த முறையைக் கெடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு சாயங்காலம் அம்மா அவளோடு மல்லுக்கட்டி இடத்தைப் பிடித்து, உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போகிறாள். அவ்வளவுதான் கதை. தன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. “அச்சாகி வந்ததும் எனக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டணும்” என்று சொல்லி வைத்திருந்தாள். வேனில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டாள்.

பேராசிரியரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘அழுதாள் என்று எழுதாதே, அவள் கை என்ன செய்தது என்று எழுது’ என்பார். இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிற பாடம் அது. ஆனால் எங்கள் ஊர் என்று வந்துவிட்டால் அதெல்லாம் அவருக்கே மறந்துவிடும். “சீட்டுச் சண்டையெல்லாம் ஒரு சிக்கலாம்மா? பட்டாசு ஊர்க் கதையில ஒரு சாவு இல்லைன்னா யாரு நம்புவா?” என்றார். நாள் முழுக்கக் குத்தவைத்துத் திரி செருகிவிட்டு வருகிறவளுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. திருத்தி எழுதச் சொன்னார். வேனை இன்னும் நன்றாக எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் திருப்பித் தந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் தெருவில் விபத்தே நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்த வீடுகளில் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அதை நான் மார்க்குக்காக எழுத வேண்டுமா? கடைசியில், “சரி, விடு” என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தொகுப்பு சிவகாசியில் அச்சானது. எங்கள் பக்கத்தில் எது அச்சானாலும் அங்கேதானே. என் அக்கா அந்த அச்சகத்தில்தான் அச்சடித்த தாள்களைப் பாரம் பாரமாக மடிக்கும் வேலையில் இருந்தாள். என் பெயரைப் பார்த்ததும் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் வருவதற்குள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா தாளை என் பக்கம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். அம்மா சன்னலோரம் தூங்கியதற்குக் கீழே, நான் எழுதாத ஒரு பத்தி இருந்தது. மறுநாள் கம்பெனியில் அம்மா வேலை செய்யும் அறை வெடிக்கிறது. அம்மா கரிக்கட்டையாகக் கிடக்கிறாள்.

“சன்னலோரம் ஒக்காந்தது ஒரு குத்தமா? அதுக்கா என்னயக் கொன்ன?” என்றாள் அம்மா.

“அத நான் எழுதலம்மா. சார் எழுதுனது.”

“ஒம் பேருதான போட்ருக்கு.”

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன். “இப்பத்தாம்மா அது கதை” என்றார். தொகுப்பு வந்தது. பாராட்டிய அத்தனை பேரும் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் பாராட்டினார்கள்.

அதன்பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன். நானே புரூஃப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை. அம்மா வேலையை விட்டுவிட்டாள், நன்றாக இருக்கிறாள். என் புத்தகம் வந்தால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அட்டையைப் பார்த்துவிட்டு டிவிக்கு மேல் வைத்துவிடுகிறாள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. நானாக, வாசிக்கட்டுமா என்று கேட்டால், “இருக்கட்டும்த்தா, ஒனக்கு வேல கெடக்கும்” என்கிறாள்.